செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் போகும், படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆயுத பூஜை, குடியரசு தினக் கொடியேற்றம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. கோடையில் ஏற்காடு போனோம். வேனில் இடம் போதவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சளைக்காமல் வந்த அதே உறுப்பினர்கள், அஸ்தம்பட்டியில் இருக்கிற நம் கணினி அறைக்கு கணினி எழும்பத் தேவையான பூட் கோப்புகளில் பழையதைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டபோது ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். டிஸ்கை என்கிரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி) உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் பூட் கோப்புகளுக்குத் தனிப் பகுதி ஒன்று சின்னதாக உருவாகும், ஒவ்வொரு அப்டேட்டிலும் புதுக் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அது எழும்ப உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அதில்தான் வந்து உட்காரும், பழையதை யாரும் எடுக்காவிட்டால் ஒருநாள் இடமில்லை என்று அப்டேட் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற கெர்னலில் கணினி எழும்பாது. நம் அறையில் நடந்தது அதுதான்.

நம் உறுப்பினர் ஒருவர் (பெயர் வேண்டாம்) நேராக பூட் ஃபோல்டருக்குள் போய் ஆர்எம் கட்டளை போட்டு அழித்திருந்தார். கோப்பு போய்விட்டது, ஆனால் கெர்னல் இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி (நிறுவிய மென்பொருள்களைப் பதிவு செய்து வைக்கும் நிரல்) கணக்கு வைத்திருந்தது. அப்படிச் செய்யாதீர்கள். எந்தக் கெர்னலில் ஓடுகிறது என்று யுனேம் -ஆர் போட்டுப் பாருங்கள், அதையும் முந்தையது ஒன்றையும் விட்டுவிட்டு மிச்சத்தை ஆப்ட் ஆட்டோரிமூவ் மூலமாக எடுங்கள், அப்புறம் பூட் மெனுவைப் புதுப்பிக்க அப்டேட்-கிரப். அவ்வளவுதான்.

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் யூஇஎஃப்ஐயின் மெனுவிலும் ஒரே குப்பை. எப்போதோ போட்டுப் பார்த்துக் கைவிட்ட டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) பெயரெல்லாம் அப்படியே இருந்தன. ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையில் எண்ணைக் கொடுத்து நீக்கினால் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும் பதிவு மட்டும்தான் போகும், டிஸ்கின் ஈஎஃப்ஐ பகுதியில் இருக்கிற ஃபோல்டரைத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் செய்தேன். அந்தப் பகுதியில் பூட் என்ற பெயரில் உள்ள ஃபோல்டரைத் தொடவில்லை, மற்றதெல்லாம் கைவிட்டால் கடைசியில் கணினியை எழுப்பிவிடுவது அதுதான்.

அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும், இரண்டும் வேண்டும் என்று லினக்ஸைப் பக்கத்தில் போட்டுக்கொண்டவர்களிடமிருந்து "விண்டோஸைக் காணோம்" என்று ராத்திரியில் போன். எங்கும் போகவில்லை! பூட் மெனுவைக் காட்டும் கிரப்பின் 2.06 பதிப்பு வந்த 2021 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும், அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றி அப்டேட்-கிரப் போட்டால் மெனுவில் வந்துவிடும். பகலிலும் போன் செய்யலாம்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். மின்கட்டணத்தை மட்டும் சில மாதங்கள் நானே கட்டினேன், அதைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. தலைவர், பொருளாளர், டீ கொடுத்த கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். இல்லை, நானே தொடர வேண்டும் என்றால் சரி, ஆனால் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பேராவது அறைக்கு வர வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் யார் என்று இங்கே வாசிக்கப் போவதில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் பக்கத்து மேஜையில்தான் இருப்பார், ஜிபேயும் உண்டு.