சரக்கு இறக்கக் காலையில் இரண்டு மணி நேரம் வழிவிடக் கோரும் மனு (மூன்றாம் முறை)

பெறுநர்:
சாலைத் தடுப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
லிட்டில் இந்தியா வட்டாரம், சிங்கப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கேம்பல் லேன் பக்கத்துச் சந்தில் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, தலையணை உறை, துண்டு விற்கும் கடைகளில் வேலை செய்யும் 11 பேர் சார்பில் இதை எழுதுகிறேன். 2024 ஆகஸ்டிலும் 2025 ஜூலையிலும் இதே விஷயமாக மனு கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பதிவு எண் மட்டும் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அதற்குள் தாங்கள் ஒரு வழி செய்து தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

1. தீபாவளிச் சந்தை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் எங்கள் கடைகளும் இருக்கின்றன.

2. சந்தைக்குத் தடுப்பு போட்டதும், சந்து முனையில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம் மூடப்படுகிறது. லாரி உள்ளே வர வழியில்லை. அந்த முனை தாங்கள் அறிந்ததுதான்.

3. அதனால் லாரி சிராங்கூன் ரோட்டு ஓரத்தில் நிற்கிறது. அங்கே நின்றால் அபராதச் சம்மன் என்பதால் ஓட்டுநர் அவசரப்படுத்துவார். பொதிகளை நடைபாதையில் தள்ளிவிட்டு அவர் போய்விடுவார். அப்புறம் கடை வரை நாங்கள்தான் சுமக்க வேண்டும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், 340 அடி வைக்க வேண்டும். கரூர் பெட்ஷீட் பொதி ஒன்று 50 கிலோவுக்குக் குறையாது. டிராலியில் தள்ளலாமே என்று கேட்பீர்கள். அந்த ஐந்தடி நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறுவது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு படியிலும் டிராலியை நிறுத்தி, பொதியை இறக்கி, தூக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். மாலை என்றால் நடக்கவே இடமிருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர் மேல் இடித்துவிடக் கூடாதே என்று தோளில் வைத்துக்கொண்டே நிற்போம். போன ஆண்டு ஒரே நாளில் 14 நடை நடந்தேன்.

மழையையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். பொதியின் பிளாஸ்டிக் எங்காவது கிழிந்திருந்தால் பருத்தி தண்ணீரைக் குடித்துவிடும், பொதியும் கனத்துவிடும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சைப் புள்ளி விழும். வெள்ளைத் துண்டில் புள்ளி விழுந்தால் யார் வாங்குவார்கள்? போன ஆண்டு ஒரு பொதி முழுக்க வீணானது. முதலாளி கத்தினார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

4. எங்களோடு வேலை செய்யும் அண்ணனுக்கு 61 வயது. போன ஆண்டு அக்டோபர் 11, சனிக்கிழமை, ஒன்பதாவது நடையில் படியில் கால் இடறி, பொதியோடு விழுந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. தீபாவளி நாளில் எழுந்து உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளக்கூட அவரால் முடியவில்லை. ஊர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை அளந்து கொடுத்தவர் ஐயா அவர்! 2024 மனுவிலேயே எழுதியிருந்தோம், யாராவது விழுவார்கள் என்று. எழுதினோமா இல்லையா? யாராவது படித்தார்களா? தடுப்பைக் காலையில் கொஞ்ச நேரம் நகர்த்தி வைப்பதற்கு எத்தனை மனு வேண்டும்?

5. சரக்கை முன்கூட்டியே இறக்கி வைக்கலாமே என்று போன ஆண்டு நாங்கள் நேரில் வந்தபோது தங்கள் தரப்பில் ஒருவர் சொன்னார். எங்கே வைப்பது? கடைவீட்டின் அகலத்தைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். மாடிப்படியில் ஓர் ஆள்தான் ஏற முடியும். வாடிக்கையாளர் வீட்டுக்குச் சாயம் அடித்து முடித்து, ஜன்னல் அளவைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வருவது கடைசி இரண்டு வாரத்தில்தான். எந்த நிறம் தீரும், எந்த அளவு தீரும் என்று அப்போதுதான் தெரியும். தீர்ந்ததைக் கிடங்கிலிருந்து அன்றே எடுத்தாக வேண்டும்.

6. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். காலை 6 மணி முதல் 8 மணி வரை. சந்தைக் கடைகள் திறக்காத நேரம். ஒரு லாரி நிற்கும் இடம். தடுப்பை நாங்களே நகர்த்தி, 8 மணிக்கு நாங்களே திரும்ப வைத்துவிடுகிறோம்.

7. கோபத்தில் ஏதும் அதிகம் எழுதியிருந்தால் மன்னிக்கவும். அண்ணன் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். சும்மா உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை, பொதியைப் பிடிக்க அவரும் வந்து நிற்கிறார்.

ஐயா, செப்டம்பருக்குள் ஒரு பதில் தாருங்கள். முடியாது என்றாலும் அதை எழுதியே சொல்லுங்கள். முடிந்தால் ஒரு காலை 6 மணிக்கு வந்து அந்த முனையில் நின்று பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை எங்களுக்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத் துணிக்கடை ஊழியர்கள் 11 பேர்
(கையொப்பங்கள் பின்பக்கத்தில்)