மூன்றாவது ஆள் யார்?

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை மாலை

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகு அம்மா தூங்கவில்லை. உனக்குப் போட்டியாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர் உன்னிடம் அறுபதாயிரம் வெள்ளி கடன் கேட்கிறார் என்று நீ சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. "எந்த ஊர்லப்பா போட்டிக்காரனுக்குக் கடன் குடுப்பாங்க?" என்று நீ சிரித்தாய். எனக்கு உடனே பதில் வரவில்லை, லைனும் சரியில்லை. இவ்வளவையும் போனில் தட்ட என் விரலுக்கு ஆகாது. தாளில் எழுதி, மாமா மகளிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

கொடுக்கிற ஊர் உண்டு. உனக்குத்தான் தெரியுமே, விமானச் செய்தி என்றால் அப்பா விடமாட்டேன். உன்னையும் தங்கச்சியையும் ஈப்போ விமான நிலைய வேலியோரம் நிறுத்திக் காட்டிய பைத்தியம் இன்னும் போகவில்லை. பஸ்ஸோ விமானமோ, காலி சீட்டோடு கிளம்பினால் அந்தச் சீட்டின் காசு போனது போனதுதான். அதனால் அவர்கள் கதை நமக்கும் பொருந்தும்.

2004 அக்டோபரில் அமெரிக்காவில் ஏடிஏ என்ற விமானக் கம்பெனி திவால் மனுப் போட்டது. சிக்காகோவின் மிட்வே விமான நிலையத்தில் அதற்கும் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனிக்கும் நேருக்கு நேர் போட்டி. எதிராளி படுத்தால் சவுத்வெஸ்டுக்குக் கொண்டாட்டம் என்றுதானே நினைப்போம்? ஆனால் ஏர்டிரான் என்று இன்னொரு கம்பெனி, மிட்வேயில் ஏடிஏவின் 14 கேட்டுகளை வாங்கப் பேசி வைத்திருந்தது. கேட் என்றால் விமானம் வந்து நிற்கிற இடம். அது இல்லாதவன் அந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. டிசம்பரில் சவுத்வெஸ்ட் 11.7 கோடி டாலரோடு உள்ளே புகுந்தது. அதில் ஒரு பகுதி ஆறு கேட்டுகளுக்கு விலை. ஒரு பகுதி கடன். மீதி, ஏடிஏ எழுந்து நின்றால் 27.5 விழுக்காடு பங்குக்காக. அந்தக் கடனும் சும்மா கைமாற்று இல்லை. திவாலுக்குப் பிறகு நீதிமன்ற அனுமதியோடு கொடுக்கிற கடன், பழைய கடன்காரர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்.

ஏடிஏ பிழைத்ததா? மூன்று வருடம் இழுத்தது. 2008 ஏப்ரல் 3ஆம் தேதி மொத்தமாக மூடிவிட்டார்கள். ஆனால் ஆறு கேட்டும் சவுத்வெஸ்ட் கையில். 2011இல் அந்த ஏர்டிரானையே சவுத்வெஸ்ட் வாங்கிப் போட்டுவிட்டது!

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. சவுத்வெஸ்டின் கண் ஏடிஏ மேல் இல்லை, அதன் பின்னால் நின்ற மூன்றாவது ஆள் மேல்தான் இருந்தது. எனக்கு இது புதிதும் இல்லை. நானும் அப்படி ஒரு கடன் கொடுத்தவன்தான். அம்மா உனக்கு அதைப் பாதி சொல்லியிருப்பாள், அவள் பக்கத்துப் பாதியை.

1995இல் லிந்தாங் ரோட்டில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற இரண்டு வேன்தான். ஒன்று என்னுடையது. இன்னொன்று, நீங்கள் கண்ணாடி மாமா என்று கூப்பிட்ட அவருடையது. காலை ஐந்தரைக்குத் தோட்டத்து லயத்து வீடுகளின் வாசலில் யார் முதலில் ஹாரன் அடிப்பது என்று போட்டி. மாதம் இரண்டு வெள்ளி குறைத்து என்னிடமிருந்து பிள்ளைகளை அவர் இழுத்ததும் உண்டு, நான் இழுத்ததும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் அவர் வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. வொர்க்‌ஷாப்காரன் 2,500 வெள்ளி கேட்டானாம். நேராக என்னிடம் வந்து நின்றார். ஆ லோங் என்கிற வட்டிக்காரனிடம் போகலாம், ஆனால் உங்களிடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

உன்னைப் போல்தான் நானும் முதலில் நினைத்தேன். அவர் போனால் நாற்பது பிள்ளைகளும் எனக்கு. ஆனால் என் வேனில் எத்தனை பேரைத்தான் அடைப்பது? அந்த நேரத்தில் வெளியூர் பஸ் கம்பெனி ஒன்று எங்கள் ரோட்டை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வேனில் ஒன்று நின்றால் பெற்றோர் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய பஸ் ஒரு முறை வந்துவிட்டால் என் வேனும் காலி. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். எழுதியது 555 என்கிற சின்ன நோட்டுப் புத்தகத்தில். அவர் கையெழுத்து, என் கையெழுத்து, தேதி. அவ்வளவுதான் பத்திரம்.

அவர் 1,100 வெள்ளி திருப்பிக் கொடுத்தார். அதற்குள் தோட்டத்தில் ஆள் குறைய ஆரம்பித்துவிட்டது. ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள், குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன, லயங்கள் காலி. அவர் வேனை விற்றுவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். போகும் முன் வீடு வீடாக நடந்து, இனிமேல் அந்த வேனில் அனுப்புங்கள் என்று என்னைக் காட்டிவிட்டுப் போனார். மீதி 1,400 வெள்ளியை அம்மா நஷ்டம் என்கிறாள். நான் அந்தப் பிள்ளைகளின் மாதப் பணத்தைக் கணக்குப் போட்டு, நஷ்டம் இல்லை என்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லை.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கடன் கொடுத்த பிறகு அந்த ரோட்டில் நான் ஹாரன் அடித்தாலே அவருக்குப் பணம் கேட்பது போல இருந்திருக்கிறது. என்னைப் பார்த்தால் வேறு பாதையில் திரும்பிவிடுவார். ஒரு நாள் கோயில் திருவிழாவில், நாலு பேர் முன்னால், சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. போட்டிக்காரருக்குக் கொடுத்தால் தினமும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும், தம்பி. பேங்குக்கு அந்தச் சங்கடம் இல்லை.

சரி, உன் கதைக்கு வருகிறேன். அந்த மனிதர் பணத்துக்கு ஈடாகக் கம்பெனியில் முப்பது விழுக்காடு எழுதித் தருகிறேன் என்றதாகச் சொன்னாய். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2018 நவம்பரில் அமெரிக்க விமானக் கம்பெனி யுனைடெட் 45.6 கோடி டாலர் கடன் கொடுத்தது. கொலம்பியாவின் அவியான்கா தெரியுமல்லவா, 1919இல் தொடங்கிய பழைய கம்பெனி. கடன் அவியான்காவுக்குக்கூட இல்லை, அதைக் கையில் வைத்திருந்த ஹெர்மன் எஃப்ரொமோவிச்சின் கம்பெனிக்கு. யுனைடெட்டும் அவியான்காவும் ஒரே கூட்டணியில் பறந்தாலும் அமெரிக்கா போகிற பயணிக்கு எதிரெதிரே நிற்பவை. தென்னமெரிக்காவில் சேர்ந்து தொழில் செய்ய ஒப்பந்தம், அதோடு இந்தக் கடன். ஈடு என்ன? அவியான்காவின் பங்குகள்.

ஆறே மாதத்தில், 2019 மே மாதம், சொன்னபடி நடக்கவில்லை என்று எஃப்ரொமோவிச்சை இறக்கிவிட்டு நிர்வாகத்தை இன்னொரு பங்குதாரரிடம் கொடுத்தார்கள். அதே வருடம் அந்தப் பங்குதாரரோடு சேர்ந்து அவியான்காவுக்கே இன்னும் 25 கோடி டாலர் கொடுத்தது யுனைடெட். கொடுத்ததைக் காப்பாற்ற மறுபடி கொடுப்பது! இதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள். அப்புறம் கொரோனா. 2020 மே 10ஆம் தேதி அவியான்கா திவால் மனுப் போட்டது. முதல் கடனுக்கும் அதோடு ஒட்டிய பொறுப்புக்கும் சேர்த்து யுனைடெட் 69.7 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

கொரோனா வரும் என்று யாருக்குத் தெரியும் என்பாய். தெரியாதுதான். தெரியாததற்காகத்தானே ஈடு கேட்கிறோம்? கடன்காரன் விழும்போது ஈடும் கூடவே விழுந்தால் அதை எதற்கு வாங்கி வைப்பது? அவர் பஸ் ஓடாத நாளில் அந்த முப்பது விழுக்காட்டை வைத்து நீ என்ன செய்வாய்? ஈடு இல்லாமல் மாட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. 2021இல் ஏர் ஏசியா எக்ஸ் கடனைச் சீரமைத்தபோது கடன்காரர்களுக்குக் கிடைத்தது அரை விழுக்காடு. நூறு வெள்ளிக்கு ஐம்பது காசு.

பங்கை மாற்றிக்கொண்டால் போட்டிக்காரர்கள் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்கள். 2011 ஆகஸ்டில் மாஸ் என்கிற மலேசியா ஏர்லைன்ஸும் ஏர் ஏசியாவும் பங்கு மாற்றிக்கொண்டபோது இங்கே கோப்பிக் கடையில் ஒரே விவாதம், நினைவிருக்கிறதா? மாஸ் தொழிலாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் மே மாதமே அவரவர் பங்கு அவரவரிடம் திரும்பிவிட்டது.

ஆகவே அறுபதாயிரத்தைக் கடனாகக் கொடுக்காதே. பாசிர் கூடாங்கில் அவர் ஓட்டுகிற இரண்டு தொழிற்சாலை ரூட்டை விலை பேசி வாங்கிக்கொள். தொழிற்சாலைக்காரர்கள் சம்மதித்து உன் பெயரில் கடிதம் கொடுத்த பிறகு பணம். மூன்று மாதத் தவணை பாக்கி என்றாய், அப்படியென்றால் பஸ்ஸின் பதிவுப் பத்திரமான கிராண்டில் பேங்க் பெயர்தான் இருக்கும், அதை நம்பாதே. பாக்கியை நீயே நேராகப் பேங்கில் கட்டு, ரசீதை வாங்கு. மிச்ச ரூட்டை அவரே ஓட்டட்டும். டிரைவர்களுக்குச் சம்பளம் நிற்கிறதா என்றும் விசாரி. நின்றால் அந்த ரூட்டை வாங்கினாலும் பஸ்ஸை எடுக்க ஆள் இருக்காது.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் சொல். அவர் விழுந்தால் அந்த இடத்துக்கு யார் வருவார்? கோலாலம்பூர் கம்பெனி ஒன்று விலை குறைத்துக் கேட்கிறது என்று போன மாதம் நீயே சொன்னாய். உண்மையில் அவர்கள் வருவதாக இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த ரூட்டை விடாதே. யாரும் வரவில்லை என்றால் வேறு விஷயம். அப்போது இது தொழில் இல்லை, உதவி. உதவி என்றால் ஐயாயிரம் கொடு, வராது என்று நினைத்தே கொடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அவர் காட்டுகிற பேப்பர் எல்லாவற்றையும், கையெழுத்துப் போடும் முன், படம் எடுத்து அனுப்பு. மாமா மகள் ஈப்போவில் கணக்காளர் ஆபிசில்தான் வேலை செய்கிறாள், பார்த்துச் சொல்வாள். இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் அம்மா போனுக்கு அனுப்பு, என் போனில் சார்ஜ் நிற்பதில்லை.

அப்பா