விஏஓ இல்லாமல் திட்டம் ஏது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்தக் கட்சி என்ன அறிவித்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், சரி, அந்த அறிவிப்பை ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்றும் கொஞ்சம் எழுதுங்கள். பொது நிர்வாகம் என்றால் கோட்டையும் ஐஏஎஸ் அதிகாரிகளும் மட்டும்தானா? பட்டா மாற்றம், சாதிச் சான்று, பயிர்க் கணக்கு, வெள்ள நிவாரணம் என எதை எடுத்தாலும் களத்தில் போய்ப் பார்ப்பவர் விஏஓ எனும் கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், அப்புறம் வட்டாட்சியர். 1980 வரை மணியக்காரர் (ஊர்த் தலைவர்), கர்ணம் (ஊர்க் கணக்கர்) என்று பெரும்பாலும் குடும்பவழியாகவே வந்துகொண்டிருந்த வேலையை எம்ஜிஆர் அரசு ஒழித்தது, பிறகு தேர்வெழுதி யார் வேண்டுமானாலும் அதற்கு வரலாம் என்றானது. என்னைக் கேட்டால் பல இலவசத் திட்டங்களைவிடப் பெரிய மாற்றம் அது, ஆனால் அதைப் பேசுவார் இல்லை.

இப்போது மனு இ-சேவை மையம் வழியாகப் போகிறது. ஆனாலும் நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுத ஆள் வேண்டுமே, ஒருவரிடமே பக்கத்துக் கிராமங்களையும் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிட்டால் மனு எப்படி நகரும்? (லஞ்சக் கதை தனி, அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும்.)

எந்தெந்த வட்டத்தில் எத்தனை விஏஓ இடங்கள் காலி என்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்