கலீனாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

மிசிசிப்பிக் கரை ஊர்கள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் இல்லினாய் மாநிலத்தின் கலீனாவுக்கு ஒரு வரிகூட இல்லை. ஜோ டேவிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தின் தலைநகர் அது. இன்று அங்கே 3,300 பேர்தான் வசிக்கிறார்கள். 1840களில் அமெரிக்காவின் ஈயத்தில் பெரும்பகுதியைத் தந்தது இந்த ஊரும் சுற்றுப்புறமும்தான். பனியுகப் பனியாறுகள் அந்தப் பகுதியை மட்டும் தேய்க்காமல் விட்டதால் ஈயத் தாது நிலத்தின் மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைத்தது. மேடும் பள்ளமுமான தெருக்களுக்கும் அதுவே காரணம்.

மிசிசிப்பியிலிருந்து துணை ஆற்றில் திரும்பி, நீராவிப் படகுகள் கடைவீதி வரை வந்தன. தாதுவை உருக்க மலைக் காட்டை வெட்டித் தீர்த்தார்கள். அப்புறம் என்ன, மழை மண்ணையெல்லாம் ஆற்றில் கொட்டியது, ஆறு தூர்ந்தது. 1850களில் ரயிலும் வந்துவிட, படகுத்துறைக்கு வேலை இல்லாமல் போனது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால்தான் பழைய செங்கல் கட்டடங்கள் பிழைத்தன என்பது என் எண்ணம்.

1860இல் தந்தையின் தோல் கடையில் வேலை பார்க்க இங்கு வந்த யுலிசஸ் கிராண்ட், மறு ஆண்டே அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனார். 1865இல் வெற்றித் தளபதியாகத் திரும்பியவருக்கு ஊரார் ஒரு வீட்டையே பரிசளித்தார்கள். பிறகு அவர் அதிபரானது எல்லோருக்கும் தெரியும். கடைவீதி முனையில் இருக்கும் வெள்ளத் தடுப்புக் கதவுகளின் படத்தையாவது அடுத்த முறை போடுங்கள்.

வாசகர், கும்பகோணம்