எல்லா 'அஸ்'ஸும் 'ஐ' ஆகாது

ஐயா,

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஃப்ளெக்ஸ்களில் முன்னாள் மாணவர் சந்திப்பு 'அலம்னைஸ் மீட்' ஆகிவிடுகிறது. இலத்தீனிலிருந்து வந்த இந்தச் சொல்லில் அலம்னஸ் என்றால் ஒருவர், அலம்னை என்றாலே பலர், மேலே ஓர் எஸ் எதற்கு? பெண் என்றால் அலம்னா, பெண்கள் மட்டும் என்றால் அலம்னீ. மகளிர் கல்லூரிகள் கவனிக்கலாம்.

அதற்காக 'அஸ்' என முடியும் சொல்லுக்கெல்லாம் 'ஐ' போடக் கூடாது. சிலபஸுக்கு சிலபை, சிலபஸஸ் இரண்டும் சரி. வைரஸுக்குப் பழைய இலத்தீனிலேயே பன்மை வழக்கில் இல்லை, ஆங்கிலத்தில் வைரஸஸ்தான். ஸ்டேட்டஸ் இலத்தீனில் நான்காம் வாய்பாட்டுச் சொல் (வாய்பாடு என்றால் பெயர்ச்சொல்லின் ஈறு மாறும் வகை). அதன் இலத்தீன் பன்மையில் ஈற்று உகரம் நீளுமே தவிர 'ஐ' வராது. ஆங்கிலத்தில் ஸ்டேட்டஸஸ் என்று எழுதினால் போதும். ஆக்டோபஸோ கிரேக்கச் சொல், இலத்தீன் 'ஐ' அதற்குப் பொருந்தாது. ஆக்டோபஸஸ் என்று எழுதுவதே நல்லது.

இன்டெக்ஸ் இடத்துக்கேற்ப மாறும்: கணக்கில் அடுக்குகள் இன்டிசஸ், புத்தகப் பொருளடைவுகள் இன்டெக்ஸஸ். பாக்டீரியா பன்மை, ஒன்று என்றால் பாக்டீரியம். டேட்டாவும் மூலத்தில் பன்மைதான். ஆனால் 'டேட்டா இஸ்' என்று ஒருமையாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். 'டேட்டா ஆர்' என்பதைப் போலவே அதையும் இன்றைய அகராதிகள் ஏற்கின்றன.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை.