கொட்டாஞ்சேனைக்குக் கீரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காலைச் சாப்பாட்டில், கொழும்பு மாவட்டத்திலேயே விளைந்த கீரையும் மரக்கறியும் சேரத் தொடங்கி ஒரு வருடம் முடிகிறது. பரிசளிப்பு விழாவில் உங்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் உங்களில் பாதிப்பேர் வயலில் நிற்பீர்கள், மீதிப்பேர் அடுப்படியில் நிற்பீர்கள். அதனால் மடலாகவே எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொன்னீர்கள். போடவில்லை. யார் யார் என்று வாசிக்கும்போது தெரியும்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. காலைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் பிள்ளைகள் குந்திவிட்டதைப் பார்த்த எங்களுக்கு அந்தக் கணக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. 2024 இல் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரிந்தது பெரிய ஆறுதல். சோறு, பருப்பு, முட்டை எல்லாம் ஒருவாறு சமாளித்தாயிற்று. கீரைதான் தலையிடி. பேலியகொட மெனிங் சந்தையில் விடியக்காலை வாங்கும் கீரை மறுநாள் காலையில்தான் சட்டிக்குப் போகும். பிடுங்கி இரண்டு நாளாகிவிடும். மூட்டையில் அமுங்கி, லொறியில் சூடேறி, பிரித்துப் பார்த்தால் பாதி மஞ்சள். கழித்ததுபோக மிஞ்சியதற்குக் கணக்குப் பார்த்தால் விலை இரட்டிப்பு. வேடிக்கை என்னவென்றால், அதில் ஒரு பங்கு கெஸ்பேவ, பிலியந்தலைப் பக்கத்தில் விளைந்ததுதான். பஸ்ஸில் போனால் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலத் தூரம்.

இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் விவசாயப் போதனாசிரியர் மிஸ். சொன்னதோடு நிற்காமல் ஒரு சனிக்கிழமை எங்களைக் கெஸ்பேவவுக்கே கூட்டிப் போனார். கைவிட்டுக் கிடந்த வயல்களை மீண்டும் கொத்தி, நெல்லுக்குப் பக்கத்தில் மேட்டுப்பாத்தி கட்டி மரக்கறி போட்டிருந்தார்கள். கொழும்பு மாவட்டத்தில் நெல் விளையும் என்பதையே நம்பாமல் வந்த எங்கள் ஆசிரியர்கள் இரண்டு பேர் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்!

அவர் செய்த இன்னொரு உதவி அதைவிடப் பெரியது. பக்கத்துக் கால்வாயோரம் கங்குன் என்ற நீர்க்கீரை செழிப்பாக வளர்கிறது, மிக மலிவாக எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் நல்ல மனதோடுதான் முன்வந்தார். மிஸ் கண்டிப்பாக மறுத்துவிட்டார். கங்குன் தண்ணீரில் இருக்கும் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும், எத்தனை தரம் கழுவினாலும் போகாது என்று விளக்கினார். 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் நகரங்களுக்கான ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது, பெருமைதான். அதற்காக நகரத்துக் கால்வாயில் கலக்கும் கழிவுநீர் சுத்தமாகிவிடுமா என்ன? இப்போது யார் மலிவாகக் கீரை தருகிறேன் என்றாலும், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று முதலில் கேட்கிறோம்.

கெஸ்பேவ ஐயாவுக்கும் அவருடைய மனைவிக்கும் நன்றி. சந்தைக்கென்றால் மத்தியானமே பிடுங்கிக் கட்டிவிடலாம். எங்களுக்காக வெயில் தாழ்ந்த பிறகு பொன்னாங்காணியும் வல்லாரையும் பிடுங்கி, மூட்டையில் திணிக்காமல் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, மேலே வாழையிலை போட்டு அனுப்புகிறார்கள். எங்கள் சிங்களமும் அவர்களுடைய தமிழும் ஏறக்குறைய ஒரே தரம்தான், ஆனாலும் வேலை நடக்கிறது. மழை அடித்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில், "மிஸ், ஹெட்ட நே" (நாளைக்கு இல்லை) என்று முதல் நாளே அழைப்பு வந்துவிடும். இல்லாததை இல்லை என்று நேரத்துக்குச் சொல்கிற ஆள் கிடைப்பது கீரை கிடைப்பதைவிட அரிது. அந்த ஒரு அழைப்பால் பூசணிக்காய்க்கோ பயிற்றங்காய்க்கோ மாற எங்களுக்கு நேரம் கிடைத்தது.

முதல் மாதங்களில் பெட்டிகள் வந்தது 120 ஆம் இலக்க பஸ்ஸில். சாரதியின் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து, புறக்கோட்டையில் எங்கள் பியோன் அண்ணன் வரும்வரை காத்திருந்து கையில் கொடுத்த கொண்டக்டர் தம்பிக்கு நன்றி. அப்புறம் லொறி நானா வந்து சேர்ந்தார். புறக்கோட்டையிலிருந்து பிலியந்தலைக்குச் சாமான் ஏற்றிப் போய் வெறும் லொறியாகத் திரும்புகிறவர். "வெறுமனே வாறதுக்குக் கீரையோட வாறன்" என்றார். டீசல் காசை நீட்டினால் கோபம் வருகிறது. பிளேன்டீக்கு மட்டும் மறுப்பில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவை முதலில் எங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் என்ன. பச்சை வல்லாரைச் சம்பல் கூடாது, அவித்தோ வதக்கியோதான் கொடுக்க வேண்டும் என்றார். தேங்காய்ப்பால் விட்ட கறி சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும், குறையுங்கள் என்றார். சமைப்பவர்களின் வீட்டுக்கே போய் கத்தி, பலகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார். ஒருவருக்குக் கையில் புண் இருந்ததற்காக அது ஆறும்வரை சமைக்க விடவில்லை. இந்த வருடம் எங்கள் சாப்பாட்டால் ஒரு பிள்ளைக்கும் வயிற்றுக் கோளாறு வரவில்லை. அதில் அவருடைய கெடுபிடிக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி சமைக்கும் அம்மாமார். எவ்வளவு எழுதினாலும் போதாது. விடிய நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர்கள், முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கீரை ஆய்கிறார்கள். தொடர்மாடி வீட்டின் சின்னக் குசினியில் நான் ஒருநாள் கூட இருந்து பார்த்தேன். வேரை வெட்டி, பழுத்த இலையைக் கழித்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீரை வெள்ளைப் பேசினில்தான் பிடிப்பார்கள், அடியில் ஒரு மண்துகள் தெரிந்தாலும் திரும்பவும் கழுவல். இலைக்கடியில் ஒட்டிக்கிடந்த நத்தைக்குஞ்சு ஒன்றைக் கிராண்ட்பாஸ் ராத்தா நகத்தால் சுண்டி எடுத்து, "இவரும் கெஸ்பேவதான்" என்றார்.

பிள்ளைகள் முதல் வாரம் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். கசக்குது மிஸ், புல்லு மிஸ் என்று முறைப்பாடு வேறு. அம்மாமார் அசரவில்லை. நூல் மாதிரி மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்டி, இறக்கியதும் தேசிக்காய் பிழிந்தார்கள். கூடவே கொஞ்சம் நெத்தலி. தேசிப்புளி சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று தாதி மிஸ் சொன்னது இவர்களுக்கு ஏற்கெனவே கைப்பழக்கம். இப்போது தரம் இரண்டில் சிலர் இரண்டாம் முறை தட்டு நீட்டுகிறார்கள். எல்லோரும் இல்லை. வல்லாரையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற கூட்டம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

ஹோமாகமவில் தங்கள் வளவுப் பலாமரங்களை எங்களுக்கு ஒதுக்கித் தந்த குடும்பத்துக்கும் மனமார்ந்த நன்றி. ஏறிப் பறிக்கிற கூலியைக்கூட நீங்களே கொடுத்தீர்கள். பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பலா நடச் செய்தவர் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். உங்கள் பலாக்காய்க் கறி வந்த அன்று அந்தப் பாடத்துக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை. கையெல்லாம் பால் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வெட்டிய அக்காமாருக்குத்தான் அன்று அரை நாள் போனது.

கடைசியாகக் காசு. வரவேண்டிய இடத்திலிருந்து கொடுப்பனவு பிந்தும்போது, சமைப்பவர்கள் கடன்பட வேண்டும், அல்லது விவசாயி காத்திருக்க வேண்டும். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சுழற்சி நிதி போட்டுத் தந்தீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கெஸ்பேவ ஐயாவின் கைக்குக் காசு போய்விடும், கொடுப்பனவு வந்ததும் நிதிக்குத் திரும்பிவிடும். பெயர்ப்பலகை கேட்காத, படம் கேட்காத காசு. கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிப்போம். கீரைக்குக் கொடுத்தால் எங்கே பொறிப்பது என்று உங்களில் ஒருவரே சிரித்தார். கணக்குப் புத்தகம் காரியாலயத்தில் இருக்கிறது, யாரும் எப்போதும் வந்து பார்க்கலாம்.

விடுமுறை முடிந்து முதல் திங்களிலிருந்து மீண்டும் தொடங்குகிறோம். ஐயா, உங்கள் நான்கு பெட்டிகள் இன்னும் எங்களிடம்தான் கிடக்கின்றன. ஒன்றின் கைபிடி உடைந்ததைக் கம்பியால் கட்டியிருக்கிறோம். நானாவின் லொறியில் ஞாயிறே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாடசாலை உணவுப் பொறுப்பாசிரியை
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13