களைத்து வரும் ராத்திரிக்கு என்ன இருக்கிறது, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

சுலபமான, செலவு குறைந்த ரெசிபி பத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பப் போவதில்லை. ரெசிபிக்கு உனக்கு என்ன பஞ்சம்? போனைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிறது. உன் சிக்கல் வேறு. காலையில் வகுப்பு, மதியம் ஆய்வகம், அப்புறம் நூலகம் என்று அலைந்துவிட்டு இருட்டிய பிறகு அறைக்கு வருகிறாய். பசி உயிர் போகிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க யாருக்கும் மனசு வராது. கை தானாகப் போனில் ஆர்டர் போட்டுவிடும். மாணவன் காசு கரைவது அந்த அரை மணி நேரத்தில்தான். அதற்கு ஒரு வழி செய்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

வழி இதுதான். வகுப்பில்லாத ஒரு நாளில் பாதிச் சமையலை முடித்து வை. கவனி, பாதிதான். முழுச் சாப்பாட்டையும் செய்து டப்பா டப்பாவாக அடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே சாப்பாட்டை மூன்றாம் நாளும் சூடு பண்ணும்போது அதைப் பார்த்தாலே அலுப்பு தட்டும். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடுவாய். பருப்பு தனியாக, வதக்கிய வெங்காயம் தனியாக, அவித்த முட்டை தனியாக என்று இருந்தால் ஒவ்வொரு நாளும் வேறு வேறாகச் சேர்க்கலாம்.

வெங்காயத்திலிருந்து தொடங்கு. ஒரு கிலோவை மெலிதாக நறுக்கி, அகலமான வாணலியில் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் போட்டு, குறைந்த தீயில் வை. பத்து நிமிஷத்தில் பழுப்பாகிவிடும் என்று வீடியோவில் சொல்வார்கள், நம்பாதே. பத்து நிமிஷத்தில் அது வாடும், அவ்வளவுதான். ஆழ்ந்த பழுப்பு நிறம் வர முக்கால் மணி நேரம் பிடிக்கும், இவ்வளவு வெங்காயம் என்றால் அதற்கு மேலும் ஆகலாம். பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவ்வப்போது கிளறிவிட்டால் போதும். அடி பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடு, அந்தப் பழுப்பில்தான் ருசியே இருக்கிறது. கடைசியில் அத்தனை வெங்காயமும் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். ஆறியதும் ஐஸ் கட்டி வைக்கும் தட்டில் அடைத்து ஃப்ரீசரில் வை. ராத்திரி இரண்டு கட்டியை எடுத்து வாணலியில் போட்டுத் தக்காளி சேர்த்தால் பாஸ்தாவுக்குச் சாஸ் ஆகிறது. வேகவைத்த பருப்பும் தண்ணீரும் ஊற்றினால் சூப். முட்டை உடைத்து ஊற்றினால் அதுவே ராத்திரிச் சாப்பாடு.

அடுத்தது பருப்பு வகைகள். காசுக்கு ஏற்ற புரதம் வேண்டுமென்றால் இதை விட்டால் வேறு கிடையாது. உலர்ந்த மசூர் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குத்தான். மசூர் பருப்பை ஊறவைக்கவும் வேண்டாம், 20 நிமிஷத்தில் குழைந்துவிடும். கொண்டைக்கடலை மாதிரிப் பெரியவற்றை ராத்திரி ஊறப்போட்டு மறுநாள் வேகவை. ஊறி வெந்ததும் எடை இரண்டு மடங்குக்கு மேல் வரும். அதனால்தான் டின்னில் வருவதைவிட உலர்ந்தது மலிவு. தக்காளியையோ எலுமிச்சையையோ பருப்பு வெந்த பிறகு மட்டும் சேர். புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிவிடும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் கடிபடும்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதே. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதை போதும், சில மணி நேரத்தில் வாந்தியில் கொண்டுபோய் விடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க விடு. அப்புறம் தீயைக் குறைத்து மிருதுவாகும்வரை வேகவை. மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பானையில் நேரே போடவே கூடாது. அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதில் பயமில்லை.

மிச்சமான சாதம் இன்னொரு ஆபத்து. அரிசியில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் அறைச் சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அதன் பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அது போகாது. ஆகவே சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சத்தை ஒரு தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை. மறுநாள் காலி பண்ணிவிடு. மற்ற சமைத்த பொருள்கள் ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருந்தால் மூன்று நாள் தாங்கும். டப்பாமேல் தேதி எழுதி ஒட்டு. மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது பரிசோதனை ஆகாது.

பாத்திரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடியோடு ஒரு கனமான பாத்திரம், ஒரு வாணலி, கூர்மையான ஒரு கத்தி போதும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடு. மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கடைக்குப் பசியோடு போகாதே என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். நான் சொல்வது வேறு: ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்காமல் போகாதே. கீரையும் கொத்தமல்லியும் மலிவு என்று வாங்கி, பாதி அழுகித் தூக்கிப்போட்டால் அது மலிவில்லை. பச்சைப் பட்டாணி, கீரையெல்லாம் உறைய வைத்ததாகவே வாங்கலாம். பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை, வேண்டிய அளவை மட்டும் அள்ளிக்கொள்ளலாம். ரொட்டியையும் துண்டு துண்டாக ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது நேரே டோஸ்டரில் போடு. உருளைக்கிழங்கை மட்டும் வெளியே இருட்டான இடத்தில் வை. பச்சை நிறம் படர்ந்திருந்தால் வேண்டாம்.

எல்லாம் போட்டும் சாப்பாடு சப்பென்று இருந்தால் மசாலாவைக் கொட்டாதே. முதலில் ஒரு சிட்டிகை உப்பு, ருசி பார். அப்போதும் ஏதோ குறைந்தால் அரை மூடி எலுமிச்சை பிழி. பெரும்பாலும் குறை அதில்தான் இருக்கும். பருப்பிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரவும் அது உதவும்.

உன்னோடு இருக்கும் பையன்கள் சமைப்பார்களா? ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டால் பெரிய மூட்டையாக வாங்கலாம். அவர்கள் என்னென்ன சாப்பிடமாட்டார்கள், உங்கள் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் எவ்வளவு பெரியது என்று இரண்டையும் எழுது. அதைப் பார்த்து முதல் வாரத்துக்கு என்ன வாங்குவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா